திருப்திகரம்

சுருளிராஜனுக்குக் கை சுத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாம் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். தேனியில், நடக்க முடியாதவர்களுக்கு உபகரணங்கள் வாங்கிக் கொடுக்கும் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பாக்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். சப்ளை செய்கிறவர்கள் வாங்கித் தரும் டீயைத் தொட மாட்டார். ஒருமுறை கம்பத்திலிருந்து வந்த ஒருவர் மேசை மேல் வைத்துவிட்டுப் போன பன்னீர் திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, அவர் கையிலேயே திணித்துவிட்டு வந்தார். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் அந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். கை சுத்தமாக இருப்பவர்களுக்கு அதை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது.

போன வருஷம் பேட்டரி சக்கர நாற்காலிகள் வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. இந்த மாதிரிப் பொருள்களுக்கு அரசே கம்பெனிகளோடு பேசி விலையை முடித்து வைத்திருக்கும். ரேட் காண்ட்ராக்ட் என்பார்கள். பட்டியலில் மூன்று கம்பெனி, மூன்றுக்கும் ஒரே விலை. பேரம் பேச வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். யாருக்கு ஆர்டர் போடுவது என்பதை மட்டும் அலுவலகம் முடிவு செய்தால் போதும். விலை ஒன்று என்றான பிறகு பார்க்க வேண்டியது சரக்கு ஒழுங்காக வருமா, ரிப்பேர் என்றால் ஆள் வருமா என்பதைத்தான். மிக்ஸி வாங்கப் போகிறவர்கள்கூட இதைக் கேட்காமல் காசை எடுக்க மாட்டார்கள்.

சுருளிராஜனுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன. பட்டியலில் ஒரு கம்பெனி பெயருக்குத்தான் இருந்தது. ஆர்டர் அனுப்பினால் பதிலே வராது. இன்னொன்று வெளியூர்க் கம்பெனி. அதற்கு முந்தின தடவை அவர்கள் கொடுத்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன, பார்க்க ஆள் வரவில்லை. அழாத குறையாகப் பேசியவர்களின் போனையெல்லாம் எடுத்தவரே இவர்தான். மூன்றாவது கம்பெனிக்குச் சின்னமனூரில் டீலர் இருந்தார். கூப்பிட்டால் டூல்ஸ் பையோடு பைக்கில் வந்து நிற்பார். மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று மழையோடு மழையாக அந்தக் குண்டு குழி ரோட்டில் ஏறிப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தவர். அவர் பெயர் விஜய்பாண்டி. சுருளிராஜனின் மனைவி முனீஸ்வரிக்குக் கூடப் பிறந்த தம்பி.

அங்கேதான் சுருளிராஜன் தயங்கினார். அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் மேல் யாரோ பெயர் போடாத மொட்டைப் பெட்டிஷன் போட்டு, மனுஷன் ஓய்வு பெறும்வரை விசாரணைக்கு அலைந்தார். ‘மச்சினனுக்கு ஆர்டர் போட்ட சுருளிராஜன்’ என்று நாலு பேர் டீக்கடையில் பேசுவது இவர் காதில் இப்போதே கேட்டது.

நேரான வழி ஒன்று இருந்தது. ‘இந்த டீலர் என் மைத்துனர். மூன்று கம்பெனிகளின் சர்வீஸ் விவரம் இது. முடிவைத் தாங்களே எடுக்கவும்’ என்று தனக்கு மேலுள்ள அலுவலருக்கு எழுதி வைத்திருக்கலாம். அப்படி எழுதுவதே மறைமுக சிபாரிசாகத் தெரியுமோ என்று பயந்தார். ஆகவே வெளியூர்க் கம்பெனிக்கே ஆர்டர் போடலாம் என்று குறிப்பு எழுதினார். அதில் ‘முந்தைய சப்ளை’ என்று ஓர் இடம் வரும். அங்கே ‘திருப்திகரம்’ என்று எழுதினார். அவருடைய சர்வீஸில் அவர் எழுதிய ஒரே பொய் அது. அதையும் நல்ல பேருக்காக எழுதினார் என்பதுதான் எனக்கு ஆத்திரம். அலுவலர் ஜெபஷீலா அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். சுருளிராஜன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்.

தம்பிக்காக முனீஸ்வரி சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து, பதிலையெல்லாம் யோசித்து வைத்திருந்தார். சாப்பாடு போடும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எந்தம்பிய விடுங்க. ஓடுற வண்டியா வாங்குனீக?”

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அலுவலக வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பேட்டரி நாற்காலியை இறக்கி, ஒரு பெண் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். வியாகுலமேரி, அனுமந்தன்பட்டி. திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலை பார்க்கிறவர். நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டிய அவருடைய மகள் ஜெசி வீட்டில் இருந்தாள்.

விஷயத்தை அவர் நிதானமாகச் சொன்னார். ஜெசி உத்தமபாளையத்தில் பி.காம். கடைசி வருஷம். வண்டி கிடைத்த புதிதில் தானாகவே காலேஜுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, யாரோ நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்தார்களாம். பிறகு கொஞ்ச காலம் அம்மாவே தள்ளிக்கொண்டு போனார். விடிந்ததும் தோட்டத்தில் நிற்க வேண்டிய ஆள், எத்தனை நாளைக்குத் தள்ள முடியும்? தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத விடவில்லை. காலேஜில் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை முதல் ஒழுங்காக வந்தால் படிப்பை முடிக்கலாம், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

“கம்பெனிக்காரகளுக்குப் போனு போட்டுப் போட்டு வெறுத்துப் போச்சுய்யா. இந்தா வாரோம், அந்தா வாரோம்னு சொன்னாக, ஒரு ஆளும் வரல. ஒங்களக் குத்தஞ்சொல்ல வரலைய்யா. சொந்த மச்சினனுக்கே ஆர்டர் குடுக்காத மனுசன்னு எங்க பக்கமெல்லாம் பேசிக்கிறாக. ஒங்க காதுல போட்டா நடக்கும்னுதான் வந்தேன்.”

சுருளிராஜன் எந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காக அந்தப் பொய்யை எழுதினாரோ, அதே பேச்சு இப்போது எதிரில் உட்கார்ந்திருந்தது. அவரே எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கம்பெனிக்குப் போன் போட்டார். புகார் பதிவாகிவிட்டது, வரிசைப்படி ஆள் வருவார் என்று ஒரு குரல் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ் ஏறிச் சின்னமனூருக்குப் போனார். அந்த ஆர்டருக்குப் பிறகு விஜய்பாண்டி அக்கா வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தான். ஆனாலும் மாமாவைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். கதையைக் கேட்டான். நாளைக்கு வந்து அந்த வண்டியைக் கழற்றிப் பார்க்க முடியுமா என்று சுருளிராஜன் கேட்டபோது தலையாட்டி மறுத்தான். வேறு கம்பெனி வண்டியை அவன் திறந்தால் வாரண்டி போய்விடும். வராமல் இருப்பதற்கு அவர்களுக்கு அது ஒரு நல்ல சாக்காகிவிடும். பிறகு கடை முன்னால் காட்சிக்கு வைத்திருந்த நாற்காலியின் கயிற்றை அவிழ்த்தான்.

“இதக் கொண்டு போங்க மாமா. அது சரியாகுற வரைக்கும் அந்தப் பிள்ள வச்சு ஓட்டட்டும்.”

நன்றி சொல்லியிருக்கலாம். சுருளிராஜனுக்கு நாக்கு பழக்க தோஷத்தில் வேறு பக்கம் போனது. சப்ளை செய்கிறவரிடம் ஒரு பொருளை இப்படி வாங்கிப் போனால், நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்டார்.

விஜய்பாண்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான், “இப்பவும் ஒங்க பேரத்தான் பாக்குறீக.”

மறுநாள் காலையில் நாற்காலியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அனுமந்தன்பட்டிக்குப் போனார். ஜெசி அதில் ஏறி உட்கார்ந்து, வீட்டு முன்னால் இருந்த திடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கேட்காமலேயே இன்னொரு சுற்றுப் போனாள். வியாகுலமேரி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு கூடை திராட்சையோடு வந்தார்.

“வாங்க மாட்டீகன்னு தெரியும்யா. ஆனாலும் கேக்காம அனுப்ப மனசு வரல.”

நாற்காலியில் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் பார்த்துவிட்டு, ஜெசி அதைத் திருப்பி அவருக்கு எதிரில் நிறுத்தினாள். கணக்குப் படிக்கிற பெண். கேள்வியையும் கணக்காகவே கேட்டாள்.

“இது ஒங்க மச்சினன் கடை வண்டிதான சார்? ரெண்டுக்கும் ரேட்டு ஒண்ணுதான்னு காலேஜ்ல சொன்னாக. அப்புறம் ஏன் சார் மொதல்லயே இதக் குடுக்கல?”

“ரூல்ஸ்மா” என்றார் சுருளிராஜன்.

ஆபீஸ் விஷயத்தையெல்லாம் சாரிடம் கேட்கக்கூடாது என்று வியாகுலமேரி மகளை அடக்கினார். ஜெசியும் அதை நம்பித் தலையாட்டினாள். அவள் நம்பியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். தெரு முனை வரை போனதும் நிறுத்தச் சொல்லி இறங்கித் திரும்பி நடந்தார். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் போய் நிற்கிறோமே என்றும், நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்போம் என்றும் ஒரே சமயத்தில் தோன்றியது.

“ரூல்ஸ் இல்லம்மா. அந்த வண்டி நின்னுரும்னு எனக்கு நல்லாத் தெரியும். மச்சினனுக்குக் குடுத்தா எம்பேரு கெட்டுரும்னு பயந்துக்கிட்டு, தெரிஞ்சேதான் அதை வாங்குனேன். நல்ல வண்டின்னு எழுதியும் குடுத்தேன்.”

வியாகுலமேரி திராட்சைக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் சுருளிராஜனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜெசி கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷம் போனதைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

“எங்கம்மா குட்டியானை புடிச்சு அங்கன வந்துச்சு, நீங்க இங்கன வந்தீக. அப்படி வர முடியாதவுக வீட்ல நிக்கிற வண்டிய யாரு சார் வந்து பாப்பாக?”

சுருளிராஜனுக்குச் சுரீர் என்றது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இந்த ஒரு வீட்டை நினைத்துத்தான் வருந்திக்கொண்டிருந்தார். போடி, பெரியகுளம், கம்பம் என்று அத்தனை வண்டிக்கும் முகவரி எழுதி அனுப்பியது அவர் கைதான். மற்றவர்கள் நினைவில்கூட வரவில்லை. குற்ற உணர்விலும் கண் முன்னால் வந்து நின்றவருக்கு மட்டும்தான் அவர் இடம் கொடுத்திருந்தார்.

மதியம் அலுவலகத்துக்கு வந்ததும் பழைய கோப்பை வரவழைத்தார். புதிதாக ஒரு குறிப்பு எழுதினார். முந்தைய சப்ளை திருப்திகரம் என்று தான் எழுதியது உண்மை அல்ல என்பதையும், அது தெரிந்தே எழுதியது என்பதையும், சின்னமனூர் டீலர் தன் மைத்துனர் என்பதையும் மறைக்காமல் எழுதினார். வண்டிகளையெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சோதிக்க வேண்டும், கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அடுத்த ஆர்டர் குறித்த எந்தக் குறிப்பிலும் தன் கை படக்கூடாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அலுவலர் ஜெபஷீலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜெபஷீலா இரண்டு தடவை படித்தார். இது மேலே போனால் முதல் மெமோ சுருளிராஜனுக்குத்தான் வரும், ஓய்வூதியம்கூட நிற்கலாம் என்றார். அவர் தன்னைப் பற்றி எழுதிய பகுதியை எடுத்துவிட்டுக் கம்பெனியின் தவறை மட்டும் எழுதித் தந்தால் அதுவே போதும் என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

“இத்தன வருசம் காப்பாத்துன பேரு சார். அத நீங்களே ஏன் கெடுத்துக்கிறீங்க?”

சுருளிராஜன் அந்தத் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டவில்லை.

“எனக்கு நாளையிலருந்து லீவு வேணும் மேடம்” என்றார். “வண்டி குடுத்ததுல இதுவரைக்கும் ஒரு வீட்டுக்குத்தான் போயிட்டு வந்திருக்கேன்.”