பழுப்புக் கோட்டு

என் வீட்டுக்காரர் பிஸ்கட் ஃபேக்டரியில் கேட் காவலாளி. நான் உள்ளே அடுப்புப் பிரிவில் வேலை. எங்கள் பிரிவுக்குப் பழுப்புக் கோட்டு. போன மாதம் அதே மாதிரி கோட்டை மாட்டிக்கொண்டு வந்த திருடன் ஒருவன், இவருக்கு வணக்கமும் வைத்துவிட்டு ஃபேக்டரி மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டு கிளம்பினான். இவர் துரத்திப் பிடித்து நையப் புடைத்தார். அதோடு விட்டாரா மனுஷன்? பழுப்பு நிறத்தைக் கண்டாலே பாய்கிறார். அடுப்புக்காரர்களில் பாதிப் பேர் கேட்டிலேயே மாட்டிக்கொள்ள, பிஸ்கட் வெள்ளை வெளேரென்று வேகாமல் வருகிறது. முதலாளி இவருக்குப் பதக்கம் கொடுத்தார். அந்த முதலாளியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் இவருக்குத் தொண்டைக் காய்ச்சல் வந்து போனது. பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கியது.

டாக்டரம்மா சொன்னார்: "தொண்டைக்கு வந்த கிருமி, உங்க உடம்போட சொந்தச் சதை போட்டிருக்கற மாதிரியே மேல்சட்டை போட்டிருந்திருக்கு. உள்ள இருக்கற காவல்காரங்க அதை அடிச்சுக் கொன்னுட்டாங்க. இப்ப அதே சட்டை மூட்டுல தெரியுதுன்னு மூட்டை அடிக்கிறாங்க. விட்டா இதயத்தையும் அடிப்பாங்க. இந்த மாத்திரை அவங்களை அடக்கும்."

இவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஆளுங்க எவ்ளோ உஷார் பாத்தியா! காவலைக் குறைக்கற ஆள் நான் இல்ல."

மாத்திரையைத் தொடவே இல்லை. திட்டினேன், அழுதேன். இந்த இதயம் நின்றுவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

வழக்கமாகக் கோட்டைப் பையில் மறைத்துக்கொண்டுதான் கேட்டைத் தாண்டுவேன். நேற்று மழை. போட்டுக்கொண்டே போனேன். காலரைப் பிடித்துவிட்டார்.

"யாரு நீ? அட்டையை எடு!"

"காலைல உங்களுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவ. கண்ணு தெரியலையா?"

"கோட்டு பழுப்பா இருக்குல்ல?"

இன்னும் இறுக்கினார். உடனே "ஐயோ" என்று அவரே அலறினார். வீங்கிய விரல்கள் காலரில் பூட்டிக்கொண்டன. விடவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"விடுங்க, மூச்சு முட்டுது!"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீயா... உள்ள இருக்கறவனுங்களும் என்னை மாதிரிதானா?"

"உங்க உடம்புதானே. வேற யாரு புத்தி இருக்கும்?"

வாயைத் திறந்தார். பையில் தினமும் சுமந்துகொண்டிருந்த மாத்திரையைப் போட்டேன். விழுங்கினார்.

விரல் மட்டும் பிரியவில்லை. என் காலரைப் பிடித்தபடியே அடுப்பு வரை கூடவே வந்தார். கேட்டில் காவலுக்கு ஆளே இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் பிஸ்கட் ஒழுங்காக வெந்தது.