சூடான ட்ரே போகும் வழி

கிட்டே வாருங்கள் செல்லங்களா, காலை மடக்கிக்கொண்டு பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஒரு ரொட்டிக்கடையில் நடந்த கதை சொல்லப்போகிறேன். இதில் ராஜாவும் கிடையாது, பூதமும் கிடையாது. அடம் பிடித்த ஒருத்தி இருக்கிறாள், அது போதும்.

அவளைச் சுள்ளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உடம்பு அப்படி. ஆனால் இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றால், அந்த ஒல்லிக்குச்சிதான் கடையைத் தாங்குகிறதோ என்று தோன்றும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் வேலை. போன மழைக்காலத்தில் ஒரு பொல்லாத காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், காது மட்டும் அடியோடு போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதில் சொல்லும்போது தெருக்கோடிவரை கேட்கும். அது அவளுக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும்.

அந்த அடுப்படியின் நடுவில் ஒரு நீள மேசை. ஒரு கோடியில் அடுப்பு, மறு கோடியில் ரொட்டியை ஆறவைக்கும் அலமாரி. வெந்த ட்ரேயைத் தூக்கி வருகிறவர் "சூடு, சூடு" என்று கத்துவார், மற்றவர்கள் விலகுவார்கள். கடை தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். காய்ச்சல் தேறி வேலைக்கு வந்த அன்றே, குனிந்தபடி அடுப்புக்குத் திரும்பிய சுள்ளியின் முழங்கையை, எதிரே கத்திக்கொண்டு வந்த அடுப்படித் தலைவர் மாஸ்டரின் ட்ரே சுட்டுவிட்டது. அவளைவிட மாஸ்டர்தான் அதிகம் நடுங்கிப்போனார்.

"பொட்டலம் கட்டற ரூமுக்குப் போயிடும்மா. உட்கார்ந்த வேலை" என்றார்.

"எனக்கு உட்கார வராது மாஸ்டர்."

அவரும் கெட்ட மனிதர் இல்லை. தானாக ஒரு முடிவு எடுக்க மனசு வராமல் தொழிலாளர் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து ஓர் ஆபீசரம்மா வந்தார். யாரால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று அளந்து எழுதுவது அவர் வேலை.

"பூஜ்யம்னா சிரமமே இல்ல, நாலுன்னா சுத்தமா முடியல" என்று சுள்ளியின் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னார். "ரெண்டு தடவ பார்ப்பேன். தொந்தரவு இல்லாத இடத்துல ஒரு தடவ, நீங்க நிஜமா வேலை செய்யற இடத்துல ஒரு தடவ. அப்புறம் அந்த இடத்துக்கும், கூட இருக்கறவங்களுக்கும் மார்க் உண்டு. உதவியா, தடையான்னு."

காதுக்கு நாலு. அதில் பேச்சில்லை. சரக்கு அறையில் கனமான ட்ரேயைத் தூக்கி நடக்கச் சொன்னார், சுள்ளி அலுங்காமல் நடந்தாள். பூஜ்யம். பிறகு அடுப்படி. அங்கேதான் வந்தது வினை, அதுவும் நாத்தனார் உருவத்தில்.

நாத்தனாரும் அங்கேதான் வேலை. அண்ணி மேல் உயிர். யாராவது கத்தினால் ஓடிப்போய் அண்ணியின் ஏப்ரன் நாடாவைப் பிடித்து இழுப்பது என்று அவளாக ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அன்றும் இழுத்தாள். சுள்ளி பின்னால் சாய, ட்ரே முன்னால் சாய, பன்னெல்லாம் மேசைக்கடியில் உருண்டன.

ஆபீசரம்மா மூன்று போட்டார்.

"எனக்கும் மார்க் போட்டீங்களா மேடம்?" என்றாள் நாத்தனார்.

"போட்டேன்மா. தடைன்னு."

"நாய் மாதிரி பின்னாலயே ஓடறேன், நான் தடையா?"

"அன்பாத்தான் ஓடறீங்க. ஆனா கையில சூடு இருக்கறவங்களைப் பின்னாலேர்ந்து இழுக்கறீங்களே."

மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மூணுன்னா அடுப்படி வேண்டாம், இல்லையா?"

"அடுத்த வாரம் திரும்ப வருவேன். அதுக்குள்ள இங்க ஏதாவது மாறுதான்னு பார்த்துட்டுத்தான் முடிவா எழுதுவேன்."

வீட்டில் புருஷன் ஆறுதல் சொல்ல வந்தான். "பொட்டலம் கட்டினா என்ன குறைஞ்சு போச்சு?" சுள்ளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உதட்டைப் பார்க்காவிட்டால் யார் பேச்சும் அவளுக்கு எட்டாது, அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, மற்றவர்கள் நடமாடுவதையே பார்த்தாள். இடிக்கிறவர்கள் எல்லோரும் எதிரெதிரே வருகிறவர்கள்தான். எதிரே யாரும் வராவிட்டால் எதற்குக் கத்த வேண்டும்? அடுத்த நாள் காலையில் முதல் ஆளாக வந்து, தரையில் மாவாலேயே அம்புக்குறி போட்டாள். அடுப்பிலிருந்து போவது ஜன்னல் ஓரமாக, அடுப்புக்குத் திரும்புவது சுவர் ஓரமாக.

"இது என்ன கூத்து?" என்றார் மாஸ்டர். "கையை நீட்டினா உப்பு. அதுக்கு மேசையைச் சுத்தி ஊர்வலம் போகணுமா?"

"போங்க மாஸ்டர், தொப்பையாவது குறையும்."

எல்லோருடைய தோளும் குலுங்குவதைச் சுள்ளி பார்த்தாள். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு காலி ட்ரேயை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே ஜன்னல் ஓரமாக அடுப்பை நோக்கி வந்தார். எதிரே, வெந்த ட்ரேயோடு சுள்ளி. அவள் நகரவில்லை.

"வழி விடு."

"இது போற வழி. வர்ற வழி அந்தப் பக்கம்."

"அடுப்புல பன் கருகுது சுள்ளி."

"மூக்கு நல்லாத்தான் இருக்கு எனக்கு. வாசனை வருது."

துணியைத் தாண்டிச் சூடு உள்ளங்கையில் ஏறியது. ட்ரே அசையவில்லை. மாஸ்டர் அவள் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முனகிக்கொண்டே திரும்பிச் சுவர் ஓரமாகப் போனார். ஒரு வரிசை பன் கருகித்தான் போயிற்று. மதியத்துக்குள் அம்புக்குறியெல்லாம் மிதிபட்டு அழிந்தன. ஆனால் கால்களுக்குப் பழகிவிட்டது.

சாயங்காலம் மாவு பிசைகிறவர்தான் முதலில் சொன்னார். "மத்தியானத்துலேர்ந்து யாருமே கத்தலையே, கவனிச்சீங்களா?"

நாத்தனாரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. "என் பின்னால நிக்காதடி, முன்னால நில்லு. உன் மூஞ்சியைப் பார்த்தாத்தானே எனக்குப் புரியும்" என்று அவளை அலமாரிப் பக்கம் நிறுத்தினாள் சுள்ளி. எந்தத் தட்டு காலி என்று நாத்தனார் அங்கிருந்தே கையைக் காட்டுவாள்.

சொன்னபடி ஆபீசரம்மா வந்தார், மூலையில் நின்று வெகுநேரம் பார்த்தார். காதுக்கு அதே நாலு. சூடான ட்ரே தூக்கிப் போவதற்கு ஒன்று.

"அந்த ஒண்ணு எதுக்கு?" என்று கடையே அதிரக் கேட்டாள் சுள்ளி.

"மாஸ்டர் மறந்துபோய் எதிர்ல வந்தாரே."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"எனக்கு மேடம்?" என்றாள் நாத்தனார்.

"உதவி."

"அதைக் கொஞ்சம் எங்க அண்ணன்கிட்டயும் வந்து சொல்லிட்டுப் போங்க."

அடுப்படி வேலையே தொடரலாம், நடக்கும் வழி இப்படியே இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆபீசரம்மா. மாஸ்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சுள்ளிக்குத் தெரியும்படி எதிரே வந்து நின்றார். "படிச்சாச்சு. வேலை கிடக்குதும்மா. நான் போற வழியிலேயே போறேன், நீ ட்ரேயை எடு."

அவள் எடுத்தாள். ஜன்னல் ஓரமாக நடந்தாள். யாரும் கத்தவில்லை, யாரும் இழுக்கவில்லை.

உங்கள் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும் செல்லங்களா. வீட்டில் ஒருவரையும் மூலையில் உட்காரவைக்காத மனசு உங்களுக்கு வாய்க்கட்டும். போகிறவருக்கும் வருகிறவருக்கும் இடம் இருக்கிற வீடாக அது நீடூழி நிற்கட்டும்.