கிழக்கு எல்லை

தலைமையகத்திலிருந்து வந்த கிருபன், இரண்டே நாளில் எங்கள் புதுக்குடியிருப்புக் காணிப் பதிவுக் கிளைக் கந்தோரின் ஒன்பது கணினிகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டான். ஒரே நீலத் திரை, ஒரே ஒழுங்கு. ஒரு சின்ன மாற்றம் செய்யவும் தலைமையகத்தின் கடவுச்சொல் வேண்டும். மாகாணம் முழுக்க எழுநூறு கணினிகளாம். எல்லாவற்றையும் அங்கிருந்தே ஆட்டிவைப்பார்களாம். எனக்கு அவனைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அருளப்பு ஐயா வந்தார். கடற்கரையில் அவருடைய மீன்வாடிக் கொட்டில் நிற்கும் காணியை, ஹோட்டல் கட்ட வந்த பணக்காரர் ஒருவர் தன்னுடையது என்று வேலி போட்டிருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு முல்லைத்தீவில் விசாரணை. மீள்குடியேறிய காலத்தில் நான் தட்டெழுதிய எல்லைப் பதிவின் பிரதி கையில் இல்லாவிட்டால் காணி போனதுதான். கடதாசிக் கோப்பைப் போன மாரி வெள்ளம் தின்றுவிட்டது. கணினியில் இருப்பதுதான் மிச்சம்.

திறந்தேன். ஒரு தமிழ் எழுத்து இல்லை. அவருடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் mUsg;G என்று கிடந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கிருபன் அதைத் தூக்கி எறிந்திருந்தான்.

"தம்பி, பாமினியைத் திருப்பிப் போடும்."

"அது பட்டியலிலை இல்லை அக்கா. தலைமையகத்துக்கு முறைப்பாட்டு ரிக்கற் போடுங்கோ. மூண்டு நாளிலை பாப்பினம்."

"விசாரணை இண்டைக்கு!"

"ஒராளுக்காக மாத்தேலாது. இது பழுதாப்போன கோப்பு. அழிச்சுவிடட்டோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மவுஸில் வைத்த அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"அப்ப காணி போச்சுதோ பிள்ளை?" என்றார் அருளப்பு ஐயா.

"கதிரையிலை இருங்கோ ஐயா."

பதினான்கு வருடம் அதே விசைகளில் அடித்தவள் நான். சின்ன எம் என்றால் அ, பெரிய யூ என்றால் ரு. எழுத்தெழுத்தாக உரக்க வாசித்து, கந்தோர்த் தாளில் பேனையால் எழுதினேன். பெயர், காணி இலக்கம், பரப்பு. வடக்கு, அற்புதத்தின் வளவு. மேற்கு, கரை வீதி. தெற்கு, றொமேஸின் வாடி. "ஓம், ஓம்" என்று அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

'கிழக்கு' என்று எழுதும்போது திரை அணைந்தது. தலைமையகம் ஏதோ புதுப்பிக்கிறதாம்.

"இது அங்கை இருந்து வாறது அக்கா. நிப்பாட்டேலாது. ஒரு மணித்தியாலம் எடுக்கும்."

முல்லைத்தீவு பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது; அதை விட்டால் விசாரணைக்குப் போய்ச்சேர வேறு பஸ் இல்லை. நான் 'கடல்' என்று எழுதி, உண்மைப் பிரதி என்று கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினேன்.

கிருபன் எழும்பிவிட்டான். "பாக்காமல் எழுதிப்போட்டு உண்மைப் பிரதியோ? நான் அறிக்கை அனுப்புவன்."

"வடிவா அனுப்பும். அப்பிடியே முல்லைத்தீவுக்குக் கிழக்கை இருக்கிறது கடல்தானோ எண்டும் ஒரு ரிக்கற் போட்டுக் கேளும். மூண்டு நாளிலை சொல்லுவினம்."

அருளப்பு ஐயா தாளைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். மீண்டும் வெளிச்சம் வந்த திரையில், புதுப்பிப்பு பதினாலு வீதம் என்று நின்றது.