மின்னலுக்கு முழுப்பேர்

பொகவந்தலாவைக்கு மேலே, மேல்பிரிவுத் தேயிலைத் தோட்டத்தில், மலையுச்சி வயர்லஸ் டிஷ் மூன்றாம் முறை கருகிய மறுநாள் காலை, மின்னல், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்து வரிசையின் கடைசியில் நின்றது. ஆள் உயரம், மூங்கில் பருமன், கொஞ்சம் நீலம். பக்கத்தில் நின்ற பெண்களுக்குத் தலைமுடி எழும்பியதால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெரட்டில் வந்து நின்ற யாரையும் கங்காணி தங்கவேலு வேலை இல்லையென்று திருப்பியனுப்பியதில்லை. மலைத்தண்ணீர் வடிகிற கான் வெட்டப் போகச் சொன்னார். பிந்தி வந்ததால் அரைப்பேர் போட்டார். அரைநாள் வேலைக்கு அரைப்பேர், முழுநாளுக்கு முழுப்பேர். மின்னலுக்கென்று தனி வழக்கமா வைக்க முடியும்?

அது மத்தியானம் வரை சுத்தமாகக் கான் வெட்டியது. சங்கு ஊதியதும் வேலையை விட்டுவிட்டு மலையேறி டிஷ்ஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அந்த டிஷ், பஜாரில் போன் கடை வைத்திருக்கும் சிப்னாஸ் பூட்டியது. கடைக் கூரையில் ஒன்று, மலையுச்சியில் ஒன்று; இரண்டும் முகம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு போன் லைன் வரும். மின்னல் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையில் பேசுவதெல்லாம் இழுபட்டு லைனுக்குள் புகுந்தது. எழுந்து நின்றால் டிஷ்ஷே கருகியது.

இதில் மாட்டிக்கொண்டது லயத்து அழகம்மாதான். மகன் மதுரன் டோகாவில் வேலை. பூண்டுலோயாவில் பிரியந்தினியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். முந்தி ஒருமுறை பாதிப் பேச்சில் லைன் அறுந்து, மாப்பிள்ளைதான் போனை வைத்துவிட்டார் என்று பெண்வீட்டார் முகம் சுருங்கியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணோடு வருவார்கள். வீடியோவில் முகம் பார்த்துப் பேசினால் பரிசம், மறுபடி அறுந்தால் வேறு இடம். இந்த நேரத்தில் மகன் கூப்பிட்டான்.

"அம்மா, எட்டாம் நம்பர் மலையில யாரோட மருமக கொழம்புல ரெண்டு தடவ உப்பு போட்டாளாம்? இங்க ரூம்ல எல்லாரும் கேக்குறாங்க."

"அத ஏன்டா நீ கேக்குற? ஒன் காரியத்தப் பாரு!"

அழகம்மா நேரே சிப்னாஸின் கடைக்குப் போனாள். அவன் சொன்னான்: "அக்கா, டிஷ் தூணுலருந்து தடிச்ச செம்புப் பட்டி ஒன்ன வளைக்காம நேரா எறக்கி, ஈரமான கானுக்குள்ள செம்புக் கம்பி அடிச்சிட்டா, அது அந்த வழியா மண்ணுக்குள்ள போயிரும். ஆனா கீழ ஒரு வேல இருந்தாத்தானே எறங்கும்?"

அவன் பட்டியை இறக்கினான். அவள் தங்கவேலுவிடம் ஏறினாள்.

"அண்ணே, அரைப்பேரு போட்டா மத்தியானத்துக்கு மேல அது எங்க போகும்? நம்ம ஆளுகளாச்சும் வெறகு பொறுக்கப் போவாங்க."

"பிந்தி வந்தா அரைப்பேருதான். ஒனக்குன்னு ஒரு சட்டமா?"

"நீங்க பிந்தி வந்த நாளெல்லாம் ஒங்களுக்கு யாரு அரைப்பேரு போட்டா?"

மறுநாள் மின்னலுக்கு முழுப்பேர் விழுந்தது. மாலை வரை அது செம்புப் பட்டி வழியே இறங்கி இறங்கிக் கான் வெட்டியது. டிஷ் குளிர்ந்து கிடந்தது. மதுரனின் குரல் அடுத்த காம்பராவிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. அழகம்மா நிம்மதியாகப் பலகாரம் சுட உட்கார்ந்து, பாதிப் பலகாரத்தில் எழுந்து ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாதே!

"ஒத்த ஆளுக்குப் பெரட்டா? தோட்டத்துத் தொர கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் தங்கவேலு.

"மின்னல்கிட்டயே கேட்டுக்கச் சொல்லுங்க."

ஞாயிறு காலை அவர் பட்டு வேட்டியோடு பெரட்டுக் களத்தில் நின்றார். ஒற்றை ஆளை வரிசையில் நிறுத்துவது மரியாதையில்லை என்று லயமே பட்டுச்சேலையும் பூவுமாக வந்து கூட நின்றது. மின்னலும் வந்தது, நேரத்துக்கு. பேர் போட்டார்கள், கானுக்குப் போனது. வேனில் வந்திறங்கிய பெண்வீட்டார், இந்தத் தோட்டத்தில் பட்டுக் கட்டித்தான் கொழுந்தெடுப்பார்களோ என்று பார்த்தார்கள்.

பேச்சு தொடங்கியதும் மலை இருண்டது. செம்புப் பட்டி வழியே வெளிச்சம் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. தகரமெல்லாம் அதிர்ந்தது, போனில் மதுரனின் மீசை மட்டும் அதிராமல் பேசிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஏன் போன வச்சீங்க?" என்று பிரியந்தினி கேட்டாள்.

"நான் வைக்கலங்க. மின்னல் வச்சிருச்சு."

"இப்ப அது எங்க?"

"கான் வெட்டுதாம். அம்மா சொன்னாங்க."

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மழையில் அது குனிந்து வெட்டிக்கொண்டிருந்தது. "சரி. பொய் சொல்ற ஆளில்ல," என்று தகப்பனிடம் சொன்னாள். பரிசம் போட்டார்கள்.

சாப்பாட்டில் பெண்ணின் தகப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க தோட்டத்துக் கானெல்லாம் அடைஞ்சு கெடக்குங்க. அந்த ஆள ஒரு வாரத்துக்கு அனுப்புவீங்களா?"

"சம்பந்திக்கு இல்லாததா?" என்றார் தங்கவேலு.

அடுத்த நாள் காலை, பூண்டுலோயா போக, ஹட்டன் பஸ்ஸில் மின்னல் ஏறியது. இடமில்லை, நின்றுகொண்டே போனது. கம்பியை மட்டும் பிடிக்க வேண்டாம் என்று கண்டக்டர் சொன்னான்.