மான் தின்ற கையெழுத்து

என்னைக் கட்டிக்கொள்வதை மூன்று வருடமாக 'அடுத்த மாதம்' என்று தள்ளிப்போட்ட கென்சாகு, அன்று காலை கோயில் மான்கள் தாராளமாகத் திரியும் நாரா பூங்காவில் திருமணப் பதிவுப் படிவத்தில் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டான். மை காயட்டும் என்று அதை உயர்த்திப் பிடித்து ஆட்டினான். டோக்கியோக்காரன் அல்லவா!

பின்னால் நின்ற மான் தீனி கேட்கும் வழக்கப்படி தலையைக் குனிந்து ஒரு வணக்கம் போட்டது. மறுநொடி படிவம் அதன் வாயில் இருந்தது.

"ஐயோ சிசுரு, தின்னுடுச்சு!" என்று அலறினான். பிறகு அவன் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி படர்ந்தது. "கோயில் மான். சாமியே வேண்டாம்னு சொல்லுதோ என்னவோ. அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

"அதுக்குப் பசி, உனக்குப் பயம். நடுவுல சாமியை ஏன் இழுக்கற?"

கைப்பையைத் திறந்தேன். சாட்சிகளின் கையெழுத்தோடு இன்னும் நான்கு படிவங்கள் இருந்தன. நாராவில் பிறந்தவள் எவளும் ஒற்றைக் காகிதத்தை நம்பிப் பூங்காவுக்கு வரமாட்டாள்.

"நாலா?" என்று வாயைப் பிளந்தான்.

"இங்க ஆயிரம் மான் இருக்கு. கூடவே நீயும் இருக்கியே!"

சிரித்துவிட்டான். பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அதற்குள் இன்னொரு மான் நெருங்கியது. நான் சொல்லாமலேயே அதற்கு முதுகைக் காட்டி, படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"சீக்கிரம் வா, நகராட்சி ஆபீஸ் தொறந்திருக்கும்" என்று எனக்கு முன்னால் நடந்தான்.