மாதிரிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று சொல்கிறவர்கள் யாரும் தருமபுரிப் பக்கம் இண்டூரில் ஒரு நாள் வீட்டில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. நிர்மலாவுக்கு விடிந்தால் இரண்டு மாடு, இரண்டு பிள்ளை, ஒரு மாமனார். எல்லோரையும் கவனித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்காரப் பதினொரு மணி ஆகிவிடும். உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டு ராமக்காள் வந்து, "வூட்டுல சும்மாதான இருக்கற, இந்த கேஸ் புக் பண்ணிக் குடேன்" என்பாள். சும்மா இல்லை என்று சொல்லிச் சொல்லி நிர்மலாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பழைய லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தபோதே கணவன் அருள்குமார் கெடு வைத்துவிட்டான். ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் வருவான். மூன்று மாதத்துக்குள் ஒரு ஆளாவது காசு கொடுத்து அவளிடம் வேலை வாங்க வேண்டும். இல்லையென்றால் விற்றுவிடலாம், நீயும் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு என்றான். அந்த நிம்மதியை நினைத்தாலே அவளுக்கு அலுப்பாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், பிளெக்ஸ் டிசைன் எல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். போன இடத்திலெல்லாம் முன் அனுபவம் உண்டா என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், இதை யாரிடம் போய்ச் சொல்வது? கெடு முடிய நான்கு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் தருமபுரியில் ஒரு பிளெக்ஸ் கடைக்காரர் மனமிரங்கி, "மூணு மாதிரி அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். கல்யாணமும் காதுகுத்தும் சுலபமாக முடிந்தன. மூன்றாவது கண்ணீர் அஞ்சலி. அதற்கு ஒரு பெரியவர் படம் வேண்டும். இணையத்தில் தேடினால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரக் கிழவர்களாக வந்து சிரித்தார்கள். அவர்களுக்காக இண்டூரில் யார் அழுவார்கள்? அவளுடைய போனில் மாமனார் முனியப்பனின் படம் இருந்தது. தோளில் துண்டு, நெற்றியில் விபூதி, நேர்ப் பார்வை. இவ்வளவு பொருத்தமான முகம் லேசில் அமையாது. பெயரும் ஊரும் நிஜமாக இருந்தால்தான் வேலை எடுப்பாகத் தெரியும் என்று அவற்றையும் போட்டாள். மறைவு என்ற இடத்தில் முந்தின நாள் தேதியைப் போட்டாள். மூலையில் எங்காவது மாதிரி என்று எழுத வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

கடைக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போன சந்தோஷத்தில் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் முனியப்பன் மூன்று ஊருக்குச் செத்துப்போயிருந்தார். அந்நேரம் அவர் களி தின்றுகொண்டிருந்தார். மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்த ராமக்காள், அவரைப் பார்த்ததும் அடித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அதற்குள் ஓசூரிலிருந்து அருள்குமார் அழுதுகொண்டே கூப்பிட்டான். நிர்மலா போனை மாமனாரிடம் நீட்டினாள்.

"நான்தான்டா. களி தின்னுட்டு இருக்கறேன்" என்றார் அவர்.

விஷயம் தெரிந்துகொண்டபின் அருள்குமார் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "ஞாயித்துக்கெழம வர்றேன். அந்த லேப்டாப்ப எடுத்து வை." கத்தித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

முனியப்பன் கை கழுவிவிட்டு வந்து படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "இந்தத் தேதியில நானு கடலக்காட்டுல களை எடுத்துட்டு இருந்தேனேம்மா."

"தப்பாப் போச்சுங்க மாமா. மன்னிச்சிருங்க."

"உசுரோட இருக்கறவன் பேருல போடலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். தெரியாத தொழிலுக்கு ஏன் ஆசைப்பட்டோம் என்று நிர்மலா அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள்.

உச்சி வெயிலில் காளியப்பன் வந்தார். முனியப்பனுடைய பெரியம்மா மகன். மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் பெரிய மாலையோடு வந்தவர், தம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் பார்த்து அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தபின்தான் பேச்சு வந்தது. நடந்ததைச் சொன்னதும் கோபித்துக்கொள்ளவில்லை, லேசாகச் சிரித்தார். மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பாதியை மாடு தின்றுவிட்டது.

சாப்பிட்டு முடித்து அண்ணனும் தம்பியும் பழங்கதை பேசினார்கள். நிர்மலா உள்ளே லேப்டாப்பின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காளியப்பன் எழுந்து வந்து நின்றார்.

"அந்தப் படத்தக் காட்டும்மா."

காட்டினாள். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குது. எனக்கும் ஒண்ணு போட்டு வெச்சிரு. காசு குடுத்தர்றேன்."

"என்னங்க பெரிய மாமா, இப்டிப் பேசறீங்க?"

"எம்பொண்டாட்டி மாதம்மா போயி மூணு வருசம் ஆச்சு. புள்ளைகுட்டி இல்ல. நானு போனா ரோட்டுல ஒரு பிளெக்ஸ் கட்ட ஆளு யாரு இருக்கறாங்க? போட்டு வெச்சுட்டா, கட்டறதுக்கு ஊர்ல யாராச்சும் வருவாங்க." மடியிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மூன்று மாதமாக இந்த ஒரு ஆளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வந்ததும் இவர்தானா என்று இருந்தது. வேண்டாமென்று சொல்லவும் தெம்பில்லை, மனசும் இல்லை. சுற்றிய ஒயரைப் பிரித்துச் செருகினாள். அவர் சீப்பு கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டு சுவரோரம் நின்றார். படம் பிடித்தாள். பெயர் போட்டாள், ஊர் போட்டாள், மறைவு என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

"கீழ, வருத்தப்படறவங்க பேரு வரணுங்க. யாரு பேரப் போடட்டும்?"

காளியப்பன் யோசித்தார். வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். மறுபடி யோசித்தார்.

"உம்பேரப் போட்டுக்கறயாம்மா?" என்றார்.

நிர்மலா தன் பெயரைப் போட்டாள்.