அபூதாஹிரைத் தேர்ந்தெடுத்த பூனை

கந்தளாயில் அபூதாஹிரின் வீட்டில் ஏழு பூனைகள் இருந்தன. ஏழும் அவருடைய மனைவி ஜெமீலாவின் பூனைகள். அபூதாஹிர் வீட்டுக்குள் நுழைந்தால், அயர்ந்து தூங்கும் பூனைகூட ஏதோ அவசர அலுவல் ஞாபகம் வந்ததுபோல எழுந்து போய்விடும். ஒரு மாரி காலத்தில் கடைசிக் குட்டி ஜன்னல் கட்டில் நின்று அவரை ஒருமுறை பார்த்தது, வெளியே கொட்டிய மழையை ஒருமுறை பார்த்தது, ஆற அமர யோசித்துவிட்டு மழைக்குள் குதித்தது.

"பூனைக்கு மனிசரைத் தெரியும்," என்பாள் ஜெமீலா. முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டில் நிலைத்து நிற்கும் தீர்ப்பு அது. மேன்முறையீடு கிடையாது.

அபூதாஹிர் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். அவர் ஹோர்ன் அடித்தால், தெருவில் படுத்திருக்கும் மாடு எழும்பி, பின்னால் படுத்திருக்கும் மாட்டையும் தட்டி எழுப்பிவிட்டுத்தான் ஒதுங்கும். மாடு மதித்தது, திருகோணமலைப் பஸ் நிலையத்தில் திரியும் மான்கள் மதித்தன. பூனை மட்டும்தான் அவரை ஒரு மனிதராகக் கணக்கெடுக்கவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அவர் ஓய்வுபெற்றதும், கொழும்பிலிருக்கும் மகள் ஆதிலா, சல்லிக்கும் நிலாவெளிக்கும் நடுவில் கடற்கரையோரமாக இருந்த ஒரு கூடார முகாமில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நாலு நாளுக்கு இடம் பதிந்து கொடுத்தாள்.

"முகாமா?" என்றாள் ஜெமீலா. "தொண்ணூறில அகதி முகாமில சும்மா இருந்தது காணாதா? இனிக் காசு குடுத்தும் இருக்கோணுமா? இதுகளுக்கு ஆர் சோறு வைக்கிற? நீங்க போங்க."

அவர் போனார்.

முகாம் சிவக்கொழுந்து என்ற பெண்ணுடையது. தென்னைகளுக்குக் கீழே ஆறு கூடாரங்கள், ஓலை வேய்ந்த ஒரு குசினி, அவ்வளவுதான். முதல் நாள் பின்னேரம் அபூதாஹிர் ஆறாவது கூடார வாசலில் பாய் போட்டு மல்லாந்து கிடந்தபோது, சீனி நிறத்தில், இடது காது நுனி வெட்டுப்பட்ட பூனை ஒன்று கடற்கரைப் பக்கமிருந்து வந்தது. முதற் கூடாரத்து வெள்ளைக்காரர் மீன் ரின்னைத் திறந்து நீட்டினார், அது கவனிக்கவில்லை. மூன்றாம் கூடாரத்துக் கொழும்புக் குடும்பம் பொரித்த கோழியை ஆட்டிக் காட்டியது, அது பொருட்படுத்தவில்லை. நேரே ஆறாவது கூடாரத்துக்கு வந்து, அபூதாஹிரின் வயிற்றில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

அபூதாஹிர் இரண்டு மணித்தியாலம் அசையவில்லை. தேத்தண்ணி ஆறியது. கால் விறைத்து, அது யாருடைய கால் என்றே தெரியாமல் போனது. பூனை போட்ட கர்கர் சத்தம், பழைய பஸ் மேட்டில் இரண்டாம் கியரில் ஏறுவதுபோல இருந்தது. அந்த அதிர்வில் கூடாரத்து முளைகள் நாலும் மண்ணைவிட்டுக் கிளம்பிவிட, மறுநாள் சிவக்கொழுந்து சுத்தியலோடு வந்து திரும்ப இறுக்க வேண்டியிருந்தது.

"நானா, நாலு வருசத்தில இவ ஒருத்தரிலயும் ஏறினதை நான் காணேல்ல," என்றாள் சிவக்கொழுந்து, முளை அடித்தபடியே, அண்ணன் முறை வைத்து. "உங்களில என்னத்தைக் கண்டாவோ."

அபூதாஹிர் உடனே போனை எடுத்தார்.

"ஜெமீலா, ஒரு பூனை எனக்கு மேல ஏறி இருக்கு."



"உசிரோடயா?"

"உசிரோடதான்."

"கண் தெரியுமா அதுக்கு?"

"ரெண்டு கண்ணும் தெரியும். கோழிப் பொரியலத் தாண்டி வந்தது."

"அப்ப மூக்குத்தான் ஏலாதுபோல."

"நீ வந்து பார். இதை நான் வீட்ட கொண்டு வரப்போறன்."

"வாறன். நாளைக்கே வாறன். கண்ணால கண்டாத்தான் நம்புவன்."

அன்று காலை அபூதாஹிர் கடற்கரையில் நடந்த நடை, புதிதாகத் தெரிவான நாடாளுமன்ற உறுப்பினரின் நடை. பூனை பின்னால் வந்தது. சல்லி ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரையேறியதும் பூனை உள்ளே போய், தன்னைவிட ஒரு சாண் நீளமான பாரை மீனை இழுத்து வந்து அவருடைய காலடியில் போட்டது. வலைக்காரர்கள் மீனைத் திருப்பிக் கேட்கவில்லை. பூனையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை என்று சொல்கிறார்கள்.

மத்தியானம் அவர் குசினிக்குப் போனார்.

"தங்கச்சி, இதை நான் கந்தளாய்க்குக் கொண்டு போகவா?"

சிவக்கொழுந்து அடுப்புக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். "கொண்டு போங்கோ நானா. இவவும் அந்தப் பக்கத்து ஆள்தான்."

"எந்தப் பக்கம்?"

"நாலு வருசத்துக்கு முந்தி, இந்தக் கூடாரங்கள் போட முந்தி, கந்தளாயில இருந்து கலியாணக்காரரை ஏத்திக்கொண்டு ஒரு பஸ் வந்தது. ரைவர் இறங்கினார், தூரத்தில முகம் தெரியேல்ல, அங்கயும் இஞ்சயும் பாத்தார், உந்த வடலிப் பனைக்குக் கீழ ஒரு உரப்பையை வச்சிட்டு ஏறிப் போயிட்டார். நான் அரிசியாக்கும் எண்டு அவிட்டனான். உள்ளுக்க இவ. பால்கூட வத்தாத ஒரு தாய்ப் பூனை. அப்பிடிச் செய்தவன் நல்லாவே இருக்கமாட்டான்." அவள் கரிப் பையைத் திருப்பிக் காட்டினாள். "இதுதான் அந்தப் பை. சிரட்டைக்கரி போட்டு வச்சிருக்கிறன்."

பையில் நீலப் பெயின்றில் 'அ.தா.' என்று எழுதியிருந்தது. ஆலைக்கு நெல் கொண்டுபோகும்போது பைகள் மாறாமலிருக்கப் பெயரெழுத்துப் போடுவது கந்தளாயில் வழக்கம். தூரிகை தேய்ந்துபோனதால் 'தா'வின் கால் கோணலாக வளைந்திருந்தது. அந்தத் தூரிகையை அபூதாஹிருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பூனை மடியில் ஏறியது. முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்தார்.

சீனி. ஜெமீலாவின் பூனை. அவருடைய சீருடைச் சட்டைக்கு மேல் நாலு குட்டி போட்டது. குட்டிகள் பால்குடி மறந்ததும் அவர் அதைப் பையில் கட்டி, தான் ஓட்டிய பஸ்ஸிலேயே, தன் ஆசனத்துக்குக் கீழேயே வைத்துக் கொண்டுவந்து விட்டார். கடற்கரையின் மீனிலும் காது வெட்டிலும் ஆள் மாறித்தான் போயிருந்தது. ஆனால் மாறாமலிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டிலிருந்த காலத்தில் அவர் அதை நேரே பார்த்ததேயில்லை. இப்போது வீட்டிலிருக்கும் ஏழில் நாலு, சீனியின் பிள்ளைகள். அவை ஏன் எழும்பி எழும்பிப் போயின என்பது விளங்கியது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சீனி காணாமல்போன கிழமையே, பக்கத்து வீட்டு நஸ்ரியாதான் எடுத்திருப்பாள் என்று ஜெமீலா முடிவு கட்டிவிட்டாள். 'இந்தப் பூனைய எனக்குத் தாங்க ராத்தா' என்று நஸ்ரியா பலமுறை ஆசையாய்க் கேட்டிருந்தாள். அதுதான் ஒரே சாட்சி. உடன்பிறப்பைப்போல இருந்த இருவரும் அன்றோடு கதையை நிறுத்தினார்கள். இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலிக் கடவையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அடைத்தவர் அபூதாஹிர்தான். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்து நினைத்து நாலு வருடம் ஓடிவிட்டது.

நாளைக்கு ஜெமீலா வருகிறாள். பூனையைக் கண்டால் நாலு வருடப் பொய் வெளியில் வரும். பூனையை ஒளித்தால், அவர்மேல் ஒரு பூனை ஏறியதென்று இந்த உலகத்தில் யாரும் நம்பப்போவதில்லை. அபூதாஹிர் அன்று முழுவதும் யோசித்தார். பூனை அவருடைய வயிற்றிலேயே கிடந்து அதற்கு ஒத்தாசை செய்தது.

மறுநாள் காலையில் அவர் ஸப்வானுக்குப் போன் எடுத்தார். ஸப்வான் திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்கு பஸ் ஓட்டுகிறவன், அவரிடம் தொழில் பழகியவன். ஒன்பதரைக்கு வரும்போது ஒரு பையை ஏற்றிப் புல்மோட்டையில் விடச் சொன்னார். ஜெமீலா எப்படியும் பதினொரு மணிக்கு முன்னால் வரமாட்டாள். தன் சொந்தக் கலியாணத்துக்கே பிந்தியவள் அவள்.

சிவக்கொழுந்து மீன் வாங்கக் கரைக்குப் போன நேரம் பார்த்து, கரியைக் கொட்டிவிட்டுப் பையை விரித்தார். பிடிக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. அவர் பை விரித்தால் அதில் ஏதோ நல்லதுதான் இருக்கும் என்பதுபோலப் பூனை தானே உள்ளே போனது. ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்து அவரை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு, கட்டுவதற்கு வசதியாகத் தலையையும் உள்ளே எடுத்துக்கொண்டது. அவர் மூன்று முடிச்சுப் போட்டார். 

அவர் பையோடு தெருவோரத்தில் நிற்க, ஒன்பதரைக்கு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் ஜெமீலா.

புருசன்மேல் பூனை ஏறிய அதிசயத்தைப் பார்க்க அவள் சுபஹ் தொழுகையோடு எழும்பி, கந்தளாயின் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு வர வேறெந்தப் பஸ்ஸில் வருவாள்? இது முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவருக்குத் தோன்றவில்லை. அவள் கையில் ஒரு சின்ன டப்பா. பூனைக்கென்று அவித்த நெத்தலி.

"என்ன பை அது?"

"கரி."

பை கத்தியது.

"கரி கத்துமா?"

ஸப்வான் ஜன்னலால் தலையை நீட்டினான். "நானா, பூனைய ஏத்துறதா இல்லையா? புல்மோட்டையில விடச் சொன்னீங்களே. நேரம் போகுது."

ஜெமீலா பையை வாங்கினாள். நீல எழுத்தைப் பார்த்தாள்: நாலு வருடம் முன் காணாமல்போன நெல் பை. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து கன்னங்கரிய பூனை ஒன்று வெளியே வந்தது. ஒரு கணம் அபூதாஹிருக்கு உயிர் திரும்பியது: கரி காப்பாற்றிவிட்டது! பூனை இரண்டு தும்மல் தும்மி, உடம்பை ஒரு உதறு உதறியது. நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"சீனி," என்றாள் ஜெமீலா.

நெத்தலி டப்பாவைத் திறந்து நீட்டினாள். சீனி அவளைப் பார்க்கவில்லை, நெத்தலியையும் பார்க்கவில்லை. அபூதாஹிரின் வெள்ளைச் சட்டையில் கரியடி பதிய ஏறி, தோளில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. பஸ்ஸிலிருந்த அறுபது பேரும் இந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு வந்துவிட்டதால் பஸ் ஒருபக்கம் சரிந்து நின்றது.

முப்பத்தைந்து வருட வழக்கில் அவர் வென்றிருந்தார்.

"பாத்தியா?" என்று அவருடைய வாய் தன்பாட்டில் சொன்னது. "என்னில ஏறியிருக்கு."

ஜெமீலா மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். நெத்தலி மண்ணில் கொட்டியது.

"நாலு பெருநாள்," என்றாள். "அவள் அனுப்பின வட்டிலப்பத்தத் திருப்பி அனுப்பினன். அவள்ட உம்மா மௌத்தாப்போன நேரம் நான் போகல்ல. சந்தூக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போறதத் தகர ஓட்டையால பாத்துட்டு நிண்டன். நீங்க எனக்குப் பக்கத்தில நிண்டீங்க."

அவர் குனிந்து மண்ணிலிருந்த நெத்தலியைப் பொறுக்கினார்.

"தகரம் அடிக்கக்குள்ள ஆணி வளைஞ்சது. நிமித்தி நிமித்தி அடிச்சீங்க. அப்பகூடச் சொல்லத் தோணல்லையா?"

"நாளைக்குச் சொல்லுவம் எண்டு..."

"வாங்க. இண்டைக்குச் சொல்லுங்க. எனக்கில்ல, அவளுக்கு. அதுக்குப் பிறகுதான் எனக்கு அவள்ட மூஞ்சியைப் பாக்க ஏலும்."

கந்தளாய் திரும்பும் வழியெல்லாம் அவள் முன் ஆசனத்தில் இருந்தாள், அவர் பின் ஆசனத்தில் பூனையோடு இருந்தார். பஸ்ஸில் அவர் பின் ஆசனத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு குழியும் தெரிந்தது.

நஸ்ரியா வாசலுக்கு வந்தபோது கழுத்தில் தையல் அளவு நாடா தொங்கியது. அவரையும் தோளில் இருந்ததையும் பார்த்தாள். அபூதாஹிர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்: சட்டை, பை, பஸ், வடலி, தகரம். இன்றைக்குக் காலையில் இரண்டாம் முறையும் பையில் கட்டியதைச் சொல்லாமல் விடப் பார்த்தார். பிறகு அதையும் சொன்னார். மறுபக்க வளவில் ஜெமீலா நிற்பது தகரத்துக்குக் கீழே தெரிந்த கால்களால் தெரிந்தது.

"கள்ளி எண்டீங்க," என்றாள் நஸ்ரியா. குரல் உயரவேயில்லை. "ஊரே சொல்லிச்சு. தைக்கத் துணி தந்த ஆக்கள் துண்டு மிச்சத்த எண்ணி வாங்கினாங்க. சில நாளையில நானே என்ட கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்திருக்கன் நானா. எடுத்திருப்பனோ எண்டு."

"மாப்புச் செய்யுங்க தங்கச்சி."

அவள் கையை நீட்டிப் பூனையைப் பிடித்தாள். நகம் சட்டையில் மாட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பூனை எதிர்க்கவில்லை, அவளுடைய கழுத்து மடிப்பில் முகத்தை வைத்துக்கொண்டது.

"நான் எடுத்தன் எண்டுதானே சொன்னீங்க. இப்ப எடுக்கிறன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஜெமீலா "நஸ்ரியா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். கால்கள் அங்கேயே நின்றன.

அபூதாஹிர் வெகுநேரம் வாசலில் நின்றார். பிறகு வெட்கத்தை விட்டு, ஜன்னலடிக்குப் போய்க் கூப்பிட்டார்.

"சீனி... சீனி..."

ஜன்னல் சீலை அசைந்தது.

"அந்தப் பேரில இஞ்ச பூனை இல்ல, நானா," என்றாள் நஸ்ரியா உள்ளேயிருந்து. "நாலு வருசமாச் சொல்றன்தானே."